பிள்ளைகள் சேர்த்த காசு 84,350 ரூபாய்: எங்கே கொடுப்பது?

வாவிக்கரை ரீச்சர் (மட்டக்களப்பு), திங்கள் இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நகரத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். இந்த வருடம் லியோ கழகத்தின் (லயன்ஸ் சேவைக் கழகத்தின் மாணவர் பிரிவு) பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முன்னம் பார்த்த சேர் இடமாற்றத்தில் போகும்போது ஒரு கொடியையும் ஒரு முத்திரையையும் பாதி எழுதிய கூட்ட அறிக்கைப் புத்தகத்தையும் தந்துவிட்டு, "நல்ல பிள்ளைகள், நீங்கள் சும்மா கூட நின்றால் போதும்" என்றார். நானும் நம்பினேன்.

போன மாதம் பிள்ளைகள் உணவுச் சந்தை போட்டார்கள். ரோல்ஸ், அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், பலூடா. பலூடாவில்தான் லாபம். ரோல்ஸில் நட்டம். எல்லாச் செலவும் போக 84,350 ரூபாய் மிஞ்சியது. அதுவரை ஒற்றுமையாக நின்றவர்கள் இப்போது நாலு கட்சி.

ஒரு கட்சி கொழும்புக்குப் பக்கத்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்கிறது. இன்னொரு கட்சிக்குச் சிறுவர் இல்லத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாடு, அதுவும் பிரியாணி. மூன்றாவது கட்சி வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குக் கொப்பி கொடுப்போம் என்கிறது. நாலாவது கட்சியில் ஒரே ஒரு பிள்ளை, தரம் 10. அவள் எழும்பி, "மிஸ், எங்கட வகுப்பிலேயே காலமைச் சாப்பாடு இல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?" என்று கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.

இதற்குள் இன்னொரு சிக்கல். லியோ மட்டுமா இருக்கிறது? இன்டராக்ட், சாரணர், செஞ்சிலுவை, முதலுதவிப் படை, இந்து மாமன்றம், கத்தோலிக்க மாணவர் இயக்கம். எல்லாருக்கும் ஒவ்வொரு நல்ல காரியம். ஆனால் கை நீளுவது ஒரே பெற்றோரின் பையை நோக்கி. போன தவணை ஒரு தாய் வந்து, "ரீச்சர், இந்தத் தவணை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த ஏழாவது என்வலப் இது" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே 50 ரூபாய் இருந்தது.

உங்கள் பாடசாலைகளில் இதை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?


பழைய லியோ (ஸ்காபரோ), திங்கள் இரவு 10.02

ரீச்சர், லியோ என்றால் கண். அதை ஒருவரும் சொல்லித் தரவில்லையா? 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து லயன்ஸ்காரருக்கு அதுதான் தலை வேலை. 1957இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கென்று லியோ தொடங்கினார்கள். ரோட்டரிக்காரர் 1962இல் இன்டராக்டைத் தொடங்கினார்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஊரில் ஒரு கண் பரிசோதனை முகாம் வைத்தோம். ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்தால் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. வந்த ஆச்சிமாரில் பாதிப் பேருக்கு வாசிப்புக் கண்ணாடி மட்டும்தான் தேவைப்பட்டது. அவர்களுக்கு வாசிப்பதற்கு இல்லை. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, அதுதான் முறைப்பாடு. கண்ணாடி போட்டதும் ஒரு ஆச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ர கை இவ்வளவு கிழடாப் போச்சா" என்றார். அந்த 84,350க்கு எத்தனை கண்ணாடி வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.


படுவான்காரன் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்), திங்கள் இரவு 10.40

மூன்றாவது கட்சிக்கு ஒரு வார்த்தை. நான் வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நீங்கள் கொப்பி கொடுக்க வரப்போகும் இடம் மாதிரி ஒன்று.

பாடப்புத்தகம் அரசாங்கம் தருகிறது. சீருடைத் துணியும் தருகிறது. கொப்பி ஜனவரியில் வந்து குவியும். ஒரு வருடம் முதல் மூன்று கிழமைக்குள் நாலு இடத்திலிருந்து வந்தார்கள். நாலு பேரும் கொண்டுவந்தது 80 பக்க ஒற்றை ரூல் கொப்பி. கணிதத்துக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி வேண்டும், சித்திரத்துக்கு வேறு, அது ஒருவருக்கும் நினைவில் இல்லை. அப்புறம் மே மாதம் இரண்டாம் தவணை தொடங்கும்போது வந்து பாருங்கள். பிள்ளைகள் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த மாதம் ஒருவரும் வர மாட்டார்கள்.

வருகிறவர்களை வரவேற்பது இன்னொரு கதை. காலை 9 மணிக்கு என்று சொல்வார்கள். நகரத்திலிருந்து பஸ் 11 மணிக்கு வரும். அதுவரைக்கும் பிள்ளைகள் வரிசையில், மாலையோடு. பேச்சு, நன்றியுரை, படம். வந்தவர்களை வெறும் கையோடு அனுப்ப மனம் வருமா? ஆசிரியர்கள் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு பட்டீஸும் சோடாவும் வாங்கினோம். அன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது மூன்று கொப்பி. நாங்கள் செலவழித்ததைக் கொப்பியாக வாங்கியிருந்தால் ஆளுக்கு இன்னொன்று வந்திருக்கும்.

கோபத்தில் எழுதவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. வர முன்னம் ஒரு போன் எடுங்கள், அவ்வளவுதான். எங்கள் பாடசாலைக்கு அந்த வருடம் உண்மையில் தேவைப்பட்டது சைக்கிள் டியூப். ஐந்தாறு கிலோமீட்டர் வருகிற பிள்ளைகள் பலர். யானை நடமாட்டம் இருக்கிற நாட்களில் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் புறப்பட முடியும். சைக்கிள் காற்றுப் போனால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே இல்லை. ஒரு பம்ப், ஒட்டுப் பசை, பத்து டியூப் என்று பாடசாலையில் வைத்தால் எத்தனை நாள் வரவு கூடும் தெரியுமா? ஆனால் டியூபோடு நின்று படம் எடுக்க ஒருவருக்கும் ஆசை வராது.


குறும்பன் (ஆரையம்பதி), திங்கள் இரவு 10.55

84 ஆயிரத்துக்கு நாலு கட்சி என்றால் எங்கள் கோயில் திருவிழாக் கணக்கு எவ்வளவோ பரவாயில்லை.


கணக்குப்புத்தகம் (கல்முனை), செவ்வாய் காலை 6.15

ரீச்சர், நான் உயர்தரம் இரண்டாம் வருடம், வர்த்தகப் பிரிவு. எங்கள் பாடசாலை இன்டராக்டில் பொருளாளர். மஹரகம கட்சிக்காக எழுதுகிறேன்.

என் பெரியம்மாவை அங்கேதான் வைத்திருந்தோம். இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, ஆனாலும் சில பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் மஹரகமவுக்குத்தான் அனுப்புகிறார்கள். கல்முனையிலிருந்து இரவு பஸ், விடியப் போய் இறங்கி, கூட வந்தவர் எங்கே படுப்பது, எங்கே குளிப்பது என்று தெரியாமல் நிற்பார். மருந்து இலவசம். வீட்டை உடைப்பது போக்குவரத்தும் தங்குமிடமும்.

தூரத்து இடத்துக்குக் கொடுப்பது தேவையில்லாத வேலை என்று சிலர் சொல்வார்கள். 2011இல் தெற்கு முனையில் இருக்கிற தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையில் இருக்கிற பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்தார்கள், ஏறக்குறைய 670 கிலோமீட்டர். இரண்டு நண்பர்கள் தொடங்கியது, வழியில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் காசு போனது தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட. தெற்கில் உண்டியலில் காசு போட்டவர்களில் எத்தனை பேர் தெல்லிப்பழையைக் கண்டிருப்பார்கள்? அவர்கள் "எங்கட ஊருக்கு முதலில்" என்று நினைத்திருந்தால் அது வந்திருக்காது.

ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். பாடசாலையின் பெயர் வேண்டாம். அதே மாதிரி ஒரு நடைபவனி செய்தார்கள். டீசேர்ட், தொப்பி, பான்ட் வாத்தியம், தண்ணீர்ப் போத்தல், பதாகை. டீசேர்ட்டுக்குப் போனது இரண்டு லட்சத்துக்குக் கிட்ட. வைத்தியசாலைக்குப் போனது நாற்பதாயிரம். கணக்கு எழுதியது நான் இல்லை, கூட்டிப் பார்த்தது மட்டும் நான்.


கடைக்கார நானா (மருதமுனை), செவ்வாய் காலை 8.30

தம்பி கணக்குப்புத்தகம், நீங்கள் சொன்னது சரி. கடை வைத்திருக்கிறவனின் பக்கத்தையும் கேளுங்கள்.

மாதத்தில் நாலைந்து தரம் பிள்ளைகள் தகர உண்டியலோடு வருவார்கள். வெள்ளை உடுப்பு, பட்டி எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். எதற்கு மகன் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "சேர் சொன்னார்." போன மாதம் ஒரு பிள்ளைக்கு எந்த நோய்க்குச் சேர்க்கிறோம் என்றே தெரியவில்லை. நான் போடாமல் அனுப்பியதில்லை, ஆனால் அது தர்மம் மாதிரி இல்லை, வரி மாதிரி இருக்கிறது.

ஒரு தரம் ஒரு பெட்டைப்பிள்ளை வந்தாள். கையில் உண்டியல் இல்லை, ஒரு கடதாசி. "வாப்பா, எங்கட பாடசாலைக்குப் பக்கத்தில் சக்கரக் கதிரையில் ஒரு தம்பி இருக்கிறார், வாசலில் மூன்று படி, சாய்தளம் கட்ட வேண்டும், சீமெந்து நாலு பை, மணல் இவ்வளவு, மேசன் கூலி இவ்வளவு, நீங்கள் ஒரு பை சீமெந்து தருவீங்களா?" என்று கேட்டாள். இரண்டு பை கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வழியால் போகும்போது என் இரண்டு பை எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. இப்போது வலது கை கொடுக்கும்போது இடது கை செல்ஃபி எடுக்கிறது.


மரியா (தாண்டவன்வெளி), செவ்வாய் காலை 9.05

நானா, அதே வசனம் எங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது, மத்தேயு 6இல். அதனால்தானோ தெரியவில்லை, தவக்காலத்தில் வீட்டுக்கு வீடு கொடுக்கும் கடதாசிப் பெட்டியில் பெயர் எழுத இடமே இல்லை. நாற்பது நாளும் பிள்ளை தன் ஐஸ்கிறீம் காசைப் போட்டு, மூடியபடியே கோயிலில் கொடுத்துவிடும். அது கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸுக்குப் போகிறது, இங்கே எகெட் என்று சொல்வோமே, அவர்கள் மூலமாக. எவ்வளவு போட்டான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். என் மகன் கடைசிக் கிழமையில் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, சத்தம் காணாது என்று என்னிடம் கடன் கேட்டான்.

என் அம்மம்மா காலத்தில் பிடியரிசி. உலையில் போட முன்னம் ஒரு பிடி எடுத்து வேறு முட்டியில் போடுவா. இல்லாத வீட்டிலும் ஒரு பிடி இருக்கும். என்வலப் ஏழு அனுப்புவதைவிட அது எவ்வளவோ மரியாதை.


சாரணக் கிழவன் (காரைதீவு), செவ்வாய் காலை 11.20

உண்டியல் பற்றி நானா சொன்னதுக்குச் சாரணரிடம் பழைய மருந்து இருக்கிறது: வேலை வாரம். காசு கேட்கக் கூடாது, வேலை கேட்க வேண்டும். சைக்கிள் கழுவு, வளவு கூட்டு, தேங்காய் அடுக்கு. வேலை முடிந்ததும் அட்டையில் என்ன வேலை, எவ்வளவு என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைப்பார். இங்கிலாந்தில் 1949இல் இதை ஒரு வேலைக்கு ஒரு "பொப்" என்று தொடங்கினார்கள். பொப் என்றால் ஷில்லிங்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு முதலாளி மாட்டுக் கொட்டிலைக் காட்டினார். இரண்டு மணித்தியாலம். ஒரு ரூபாய் தந்தார், அப்போது அது பெரிய காசு. அந்த ஒரு ரூபாய் எங்கே போகிறது என்று நான் குழுத் தலைவரை ஒரு மாதம் துளைத்து எடுத்தேன். சும்மா கிடைத்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். சாணி மணந்த காசு.


நாவலடி (மட்டக்களப்பு), செவ்வாய் பின்னேரம் 4.48

இந்த இழையை இரண்டு தரம் வாசித்தேன். எழுதுவோமா விடுவோமா என்று யோசித்தேன். கொடுத்தவர்கள் எல்லாம் எழுதிவிட்டீர்கள், வாங்கியவன் ஒருவன் எழுதட்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். எனக்கு எட்டு வயது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டுதான் எங்கள் ஊர். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் ஒரு இல்லத்தில் வளர்ந்தேன்.

முதல் ஆறு மாதத்தில் எனக்கு ஏழு புத்தகப் பை கிடைத்தது. செருப்பு ஒரு சோடி. உலகம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களுக்காகக் காசு சேர்த்தார்கள், அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஒரு பைக்குள் எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடிதமும் கிரயோனால் கீறிய ஒரு நாயும் இருந்தது. அந்த நாய் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஆகவே தூரத்துக்குக் கொடுப்பது வீண் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

இப்போது பிரியாணிக் கட்சிக்கு. யாரோ ஒருவரின் பிறந்தநாள். 12 மணிக்கு வருவார்கள் என்று சொல்லி எங்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி இருத்துவார்கள். வருவது ஒன்றரைக்கு. பசியோடு நின்று, தெரியாத ஒரு பிள்ளைக்கு "ஹப்பி பேர்த்டே" பாட வேண்டும். அந்தப் பிள்ளையின் வயதுதான் எனக்கும். அவன் கேக்கை வெட்டி எங்களுக்கு ஊட்டுவான், அவனுக்கும் அது பிடிக்காது, முகத்தில் தெரியும். ஒரு படம் பேப்பரில் வந்தது. அடுத்த நாள் வகுப்பில் ஒருவன் அதைக் கொண்டுவந்து காட்டினான். என் பெயருக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் "பிரியாணி" என்று கூப்பிட்டார்கள். பிரியாணி நல்ல பிரியாணிதான், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு நல்லதாக நினைவில் நிற்கிற உதவி ஒன்று. எந்தப் பாடசாலை என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. காசைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எங்களை மூன்று மூன்று பேராக டவுனுக்குக் கூட்டிப் போய்ச் சப்பாத்து வாங்கித் தந்தார். அதுவரை வந்த சப்பாத்து எல்லாம் பெட்டியாக வரும், ஒரே அளவு, காலை அதற்குள் நுழைக்க வேண்டும். அன்றைக்குக் கடைக்காரர் என்னைக் கதிரையில் இருத்தி, காலை அளந்து, "இது இறுக்கமா தம்பி?" என்று கேட்டார். ஒரு அளவு பெரிதாக எடுத்தேன், அடுத்த வருடமும் போட.


குறும்பன் (ஆரையம்பதி), செவ்வாய் பின்னேரம் 5.10

மேலே உள்ள என் பகிடிக்கு மன்னிக்கவும். அண்ணன், நன்றி.


பழைய லியோ (ஸ்காபரோ), செவ்வாய் இரவு 7.33

நாவலடித் தம்பி எழுதியதற்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். இங்கே கனடாவில் பழைய மாணவர் சங்கத்துக்குக் காசு தருகிறவர் குளிரில் இரண்டு வேலை செய்கிறவர். நூறு டொலர் கொடுத்தால் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவருக்கு உரிமை இல்லையா? படம் அனுப்பாவிட்டால் அடுத்த வருடம் கேட்க முடியாது. இரண்டு தரம் அனுபவப்பட்டுவிட்டோம்.


வங்கித் தம்பி (களுவாஞ்சிகுடி), செவ்வாய் இரவு 8.15

அண்ணன், சேர்ந்ததா என்பதற்கு முகம் சாட்சி இல்லை, பற்றுச்சீட்டுதான் சாட்சி. ஆயிரம் படம் அனுப்பினாலும் கொப்பி எத்தனை, விலை எவ்வளவு என்று அதில் தெரியாது. கடை பில், வங்கி வைப்புச் சீட்டு, வாங்கிய இடத்தின் முத்திரையோடு ஒரு கடிதம், மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கி வைத்துப் படம் எடுங்கள். பிள்ளையின் கால் வேண்டுமானால் வரட்டும், முகம் எதற்கு? சிறுவர் இல்லங்கள் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கண்காணிப்பில் இருப்பவை. அங்கே நாம் நினைத்தபடி கமராவோடு போக முடியாது, போகவும் கூடாது.

ரீச்சருக்கு ஒரு வேண்டுகோள். அந்த 84,350 இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் கைப்பையிலோ உங்கள் சொந்தக் கணக்கிலோ இருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பணம் சேர்ப்பது பற்றி அமைச்சின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன, அதிபரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் போட்டால் எடுக்கக் கொஞ்ச நாள் செல்லும், எரிச்சலாக இருக்கும், ஆனால் இரவில் நித்திரை வரும். டிக்கட் அடித்தால் இலக்கம் போட்டு அடியுங்கள், அடிக்கட்டை திரும்பி வர வேண்டும். எண்ணும்போது இரண்டு ஆசிரியர், இரண்டு மாணவர். கணக்கை விளம்பரப் பலகையில் ஒட்டுங்கள், ரோல்ஸில் நட்டம் என்பதையும் சேர்த்து.


மட்டுறுத்துநர், செவ்வாய் இரவு 8.40

ஒரு பதிவில் பாடசாலை ஒன்றின் பெயரும் ஒரு ஆசிரியரின் பெயரும் இருந்தன. நீக்கியிருக்கிறேன். கருத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.


இரத்தவங்கி அக்கா (அம்பாறை), புதன் காலை 5.50

இரவு வேலை முடிந்து வாசிக்கிறேன். காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றை ஒருவரும் சொல்லவில்லையே.

இலங்கையில் 2014இலிருந்து இரத்தம் முழுவதும் தொண்டாகக் கொடுப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. விலைக்கு இல்லை, "மாற்றுக்கு ஆள் கொண்டு வா" என்பதும் இல்லை. கொடுக்க 18 வயது ஆக வேண்டும், 50 கிலோ நிறை வேண்டும், ஒரு தரம் கொடுத்தால் நாலு மாதம் பொறுக்க வேண்டும். ஆகவே லியோப் பிள்ளைகளில் அநேகமானோருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு பிள்ளை அம்மா, அப்பா, மாமா என்று மூன்று பேரைக் கூட்டிவந்தால்? கடைசியாக ஒரு பாடசாலையில் வைத்த முகாமில் பிள்ளைகள் செய்ததெல்லாம் கதிரை போட்டது, பெயர் பதிந்தது, பிஸ்கட்டும் பிளேன்டியும் கொடுத்தது, பயந்த அப்பாமாருக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தது. ஊசியைக் கண்டு மயங்கியவர் ஒரே ஒருவர், உடற்கல்வி சேர்.

திருவிழா, பெருநாள், பரீட்சை நேரங்களில் எங்களுக்கு வருவது குறையும். முகாமுக்கு நாள் பார்க்கும்போது முதலில் எங்களைக் கேளுங்கள்.


கணக்குப்புத்தகம் (கல்முனை), புதன் காலை 7.20

நாவலடி அண்ணா, உங்களுடைய நாய்ப் படத்தைப் பற்றி வகுப்பில் சொன்னேன். ஒருவன் உடனே "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்றான். அவனோடு வாதாட வேண்டியதாகிவிட்டது.

எங்கள் இன்டராக்ட் ஒவ்வொரு வருடமும் போலியோவுக்கு ஒரு சின்னத் தொகை அனுப்புகிறது. இலங்கையில் கடைசி போலியோ நோயாளி 1993இல். எங்கள் வகுப்பில் ஒருவரும் போலியோ வந்தவரைக் கண்டதில்லை. அப்போ எதற்கு அனுப்புகிறோம் என்று கேட்கிறான். 1988இல் 125 நாடுகளில் வருடத்துக்கு மூன்றரை லட்சம் பேருக்கு அது வந்துகொண்டிருந்தது. ரோட்டரி 1985இலேயே இறங்கிவிட்டது. நாங்கள் காணாததற்குக் காரணமே எங்களைக் காணாத யாரோ கொடுத்ததுதான். கண்ணும் அப்படித்தான். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா கண்தான சங்கத்தைத் தொடங்கினார், 1964இல் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண் போனது. அப்போது இலங்கைக்கு எல்லாம் மிஞ்சியா இருந்தது?

அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் தொடரும்.


கடைக்கார நானா (மருதமுனை), புதன் காலை 9.00

வாதாடுங்கள் மகன், நல்லது. எனக்கு ஞாபகம் வந்த இன்னொரு இடம். 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று திறந்தார்கள். யேசு சபையின் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும். யுத்த காலம். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஒரே வளவுக்குக் கொண்டுவருவார்கள். களிமண், வர்ணம், கதை, கோழி, முயல். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் போய்வந்தான். பை நிறையப் பொருள் ஒன்றும் கொண்டுவரவில்லை, கை நிறையக் களிமண். வீட்டில் அதுவரை வாய் திறக்காதவன், அன்றைக்கு இரவு முயலைப் பற்றிக் கதைத்தான். அதுக்கும் எங்கேயோ யாரோ காசு கொடுத்துத்தானே இருப்பார்கள்.


வாவிக்கரை ரீச்சர் (மட்டக்களப்பு), ஞாயிறு இரவு 8.25

மன்னிக்கவும், நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. முதலில் வங்கித் தம்பிக்கு: காசு என் மேசை லாச்சியில் பிஸ்கட் டின் ஒன்றில் இருந்தது. வியாழக்கிழமை வங்கியில் போட்டாகிவிட்டது. அதிபரிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கினேன். "நிகழ்வுக்கு யாரை விருந்தினராகக் கூப்பிடுவது?" என்று கேட்டார். நிகழ்வு இல்லை சேர் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

நாவலடி எழுதியதைக் கூட்டத்தில் வாசித்தேன், ஊரையும் வயதையும் விட்டுவிட்டு. பிரியாணிக் கட்சியின் தலைவன் எழும்பி, "அப்போ நேரில் போய்க் கேட்போம் மிஸ், வெறுங்கையோடு" என்றான். வெள்ளிக்கிழமை நானும் மூன்று பிள்ளைகளும் போன் எடுத்து நேரம் கேட்டு, ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் போனோம். பொறுப்பாளர் அம்மா ஒரு நாட்காட்டியைக் காட்டினார். சாப்பாடு தருகிறவர்களின் பெயர் எழுதியது. டிசம்பரும் ஜனவரியும் நிரம்பி வழிகிறது. டிசம்பர் 26 அன்றைக்கு மட்டும் மூன்று இடத்துச் சாப்பாடு. மே, ஜூன் பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன.

என்ன தேவை என்று கேட்டோம். அவர் உடனே சொல்லவில்லை. கேட்டுப் பழக்கமில்லை போல. தேநீர் வந்தது, குடித்தோம். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மாதத்துக்கு மாதம் பிள்ளைகளுக்கு நாப்கின் வாங்குவதுதான் பெரிய செலவு என்றார். அதை எந்தக் கழகமும் கொண்டுவந்ததில்லை. வெளியே வந்து பிள்ளைகளிடம் சொன்னேன். பொருளாளர் பையன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுகிற மாதிரிக் குனிந்தான். செயலாளர் பிள்ளை அவனிடமிருந்து கொப்பியை வாங்கி, "எத்தனை பேர், மாதம் எத்தனை பக்கெட்?" என்று கேட்டு எழுதினாள். நாங்கள் திரும்பி வரும்போது அவனே மொத்த விலைக் கடைக்குப் போன் எடுத்து விலை கேட்டான். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் கேட்டான்.

தீர்மானம் இப்படி. ஒரு வருடத்துக்கு நாப்கின், மாதாமாதம் கடையிலிருந்தே போகும், நாங்கள் போக மாட்டோம். அதற்கே காசில் பாதிக்கு மேல் போகிறது. படுவான்காரன் சேரின் டியூப், பம்ப், ஒட்டுப் பசை: 12,000. கொப்பி மே மாதம், சதுரக் கோடு, அதற்கு வேறு சந்தை போட வேண்டும். ரோல்ஸ் இல்லை. மஹரகம கட்சி தோற்றது, ஆனால் தோற்றவர்கள் இரத்ததான முகாமை எடுத்துக்கொண்டார்கள். அக்கா, உங்களுடைய இலக்கம் வேண்டாம், மட்டக்களப்பு இரத்தவங்கியில் நாங்களே போய்க் கேட்கிறோம்.

தரம் 10 பிள்ளையின் விடயம்தான் கடினம். காலைச் சாப்பாடு என்று அறிவித்தால் ஒருவரும் வர மாட்டார்கள் என்று அவளே சொன்னாள். "பெயர் கூப்பிடக் கூடாது மிஸ்." கடைசியில் சிற்றுண்டிச்சாலைக்காரரோடு கதைத்து, வகுப்பாசிரியர் ஒரு சின்னத் துண்டு கொடுத்தால் பணிசும் தேநீரும் என்று வைத்திருக்கிறோம். காசு கொடுத்து வாங்குகிற பிள்ளைகளுக்கும் அதே மாதிரித் துண்டுதான், நிறமும் ஒன்று. மூன்று மாதத்துக்குக் காணும். அதன் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை, இன்டராக்டும் சாரணரும் சேர்ந்தால் பார்க்கலாம். ஏழு என்வலப்பை ஒன்றாக்குவது பற்றி அடுத்த கிழமை எல்லாப் பொறுப்பாசிரியர்களுக்கும் கூட்டம். சண்டை வரும்.

இன்னும் 5,900 மிஞ்சியிருக்கிறது. இல்லத்தில் தண்ணீர் மோட்டர் சத்தம் போடுகிறது, மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கல்லடிப் பக்கம் நியாயமான விலையில் மோட்டர் திருத்துகிறவர் யாரையாவது தெரியுமா?


படுவான்காரன் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்), ஞாயிறு இரவு 8.50

என் மச்சான் செய்வான் ரீச்சர். கூலி வாங்க மாட்டான், சாமான் காசு மட்டும் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மண்முனைப் பாலத்தால் வருவான். வரவேற்பு, மாலை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.


குறும்பன் (ஆரையம்பதி), ஞாயிறு இரவு 8.52

பட்டீஸ்?


படுவான்காரன் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்), ஞாயிறு இரவு 8.54

பட்டீஸ் என்றால் யோசிப்பான்.